52 − 27 = 35: பயிற்சி மாணவர்களுக்கு இந்த விடையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

புதுப்பயிற்றுநர் கேட்டது:

வணக்கம். பதினான்கு வருஷம் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துவிட்டு, போன வருஷம்தான் ஆசிரியர் பயிற்சிக்கு மாறினேன். தொடக்க வகுப்புக் கணக்கைக் கற்பிக்கும் முறை என் பாடம். மாணவ ஆசிரியர்கள் முப்பத்திரண்டு பேர். இயற்கணிதமே நடத்தியவனுக்குக் கூட்டல் கழித்தல் ஒரு பொருட்டா என்றுதான் முதல் மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நினைப்பு இல்லை.

போன வாரம் கற்பித்தல் பயிற்சியில் ஒரு மாணவியின் வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஈரிலக்கக் கழித்தல். பாடக்குறிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோக்கம், ஊக்கப்படுத்தல், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள்கூட மேசைமேல் இருந்தன. ஒரு பையன் கரும்பலகையில் 52 − 27 = 35 என்று எழுதினான். அவர் அதட்டவில்லை. சிரித்த முகத்தோடு, "ரெண்டுலருந்து ஏழு போகாதில்ல, அப்ப பக்கத்துல கடன் வாங்கணும்" என்று சொல்லி முழுக் கணக்கையும் தானே போட்டு 25 என்று முடித்தார். பையன் தலையாட்டினான். அடுத்த கணக்கு 61 − 38. அவன் நோட்டை எட்டிப் பார்த்தேன். 37.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன், "அவன் ஏன் 35னு எழுதினான்?"

"கவனக்குறைவு சார்."

"அடுத்த கணக்கு?"

"கடன் வாங்க மறந்துட்டான் சார்."

இவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. நான் கொடுக்கும் எந்தக் கணக்குக்கும் விடை சரியாக வருகிறது. உளவியல் தாளில் பியாஜே, புரூனர் பற்றி எழுதச் சொன்னால் ஐந்து பக்கம் எழுதுவார்கள். ஆனால் ஒரு குழந்தையின் தப்பு விடை கண்ணெதிரே இருக்கும்போது, அதற்குப் பின்னால் என்ன யோசனை ஓடியது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் இது இப்போதுதான் பழகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு நான்கு பாடவேளைதான் கையில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

"கவனக்குறைவு" என்ற சொல்லை உங்கள் வகுப்பில் தடை பண்ணிவிடுங்கள் தம்பி. நான் பண்ணினேன். யாராவது சொன்னால் எழுந்து நின்று அந்தக் குழந்தையின் கணக்கை அந்தக் குழந்தை மாதிரியே போட்டுக் காட்ட வேண்டும். அதுதான் தண்டனை. இரண்டு வாரத்தில் அந்தச் சொல் ஓடிப்போய்விடும்.

நான் பயிற்சிக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவள். கழித்தல் தொடங்கும் நாளில் வருஷம் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வேன்: "பெரிய எண்லருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும்." பிள்ளைகளும் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். உங்கள் பையன் என்ன செய்தான் பாருங்கள். ஒன்றின் இடத்தில் 2, 7 இருக்கிறது. பெரியது 7. ஏழிலிருந்து இரண்டு போனால் 5. பத்தின் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போனால் 3. ஆக 35. அவன் எதையும் மறக்கவில்லை. டீச்சர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறான். நான் அந்த வாக்கியத்தை முழு எண்ணுக்குச் சொன்னேன், பிள்ளைகள் அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்துப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

கவனக்குறைவாக வரும் தப்பு ஒரு கணக்கில் வரும், அடுத்த கணக்கில் காணாமல் போகும். ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வந்தால் அது அந்தக் குழந்தை வைத்திருக்கும் விதி. 35-க்குப் பிறகு 37 வந்ததே, உங்களுக்கு அப்போதே விஷயம் கையில் வந்துவிட்டது.

இன்னொன்று. இதே பையனிடம் 58 − 23 கொடுத்தால் 35 என்று எழுதுவான், சரி என்று டிக் போடுவோம். ஒரு பத்தைப் பிரிக்கத் தேவையில்லாத கணக்குகள் ஒரு பயிற்சியில் ஆறு இருந்தால் பத்துக்கு ஆறு வாங்கிவிடுவான். "பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும்" என்று நாமும் நகர்ந்துவிடுவோம். ஆகவே மாணவ ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, கணக்கைத் தேர்ந்தெடுப்பது. எந்த எண்ணைக் கொடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்? பின்னத்திலும் தசமத்திலும் இதே கதைதான். 0.3, 0.75 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், "மூணைவிட எழுபத்தஞ்சு பெரிசு" என்று நினைக்கிற குழந்தையும் சரியாகச் சொல்லும். 0.6, 0.45 என்று கேளுங்கள், அப்போது தெரியும்.

வகுப்பின் முதல் பத்து நிமிஷத்துக்கு நான் வைத்திருந்த வேலை இது. ஒரு குழந்தையின் தப்பு விடைகள் நாலைந்து, பெயர் இல்லாமல், பலகையில் இருக்கும். முதலில் அந்தக் குழந்தையின் விதி என்ன என்று ஊகிக்க வேண்டும். அடுத்து, இன்னொரு கணக்கைக் கொடுத்தால் அதே குழந்தை என்ன விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசியில், தன் ஊகம் தப்பு என்றால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கணக்கைத் தானே உருவாக்க வேண்டும். திருத்துவது பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து எழுதியபோது, 'பக்கி' என்று ஒரு கணினி விளையாட்டையும் விவரித்தார்கள். கணினி ஒரு குழந்தையைப் போல ஒரே தப்பைச் செய்துகொண்டே இருக்கும். மாணவ ஆசிரியர்கள் அதற்குக் கணக்குக் கொடுத்துக் கொடுத்துத் தப்பின் விதியைப் பிடிக்க வேண்டும். நமக்குக் கணினிகூட வேண்டாம், நோட்டே போதும்.

ஒன்று தருகிறேன், நாளைக்கே கொடுத்துப் பாருங்கள். 304 − 178. ஒரு குழந்தை 274 என்று எழுதியிருக்கிறது, இன்னொன்று 36. முதலாவது உங்கள் பையனின் அண்ணன், உடனே சொல்லிவிடுவார்கள். 36-க்கு நேரமாகும். (அந்தக் குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். நாலிலிருந்து எட்டு போகாது, பக்கத்தில் கேட்கப் போனால் அங்கே பூஜ்யம், ஒன்றுமில்லை. அதைத் தாண்டி 3-இடம் போய் வாங்கி அதை 2 ஆக்கியது. பதினாலில் எட்டுப் போக 6. இப்போது பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, மறுபடியும் அந்த 2-இடமே வாங்கி அதை 1 ஆக்கியது. பத்தில் ஏழு போக 3. ஒன்றில் ஒன்று போக ஒன்றுமில்லை.) இவ்வளவு வேலை செய்த குழந்தையைப் பார்த்துக் கவனக்குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"கடன்" என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். ஒரு பெண் குழந்தை கேட்டது, "எப்ப திருப்பிக் குடுப்போம் டீச்சர்?" பதில் இல்லை. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகள் ஆக்குகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, மாணவ ஆசிரியர்களையே குழந்தையாக்குங்கள். கழித்தல் அவர்களுக்குத் தூக்கத்தில் வரும். அதனால்தான் எது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. நான் ஐந்தின் அடிமானத்தில் ஒரு வகுப்பு எடுப்பேன். ஐந்து குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு. 5, 6, 7, 8, 9 என்ற எழுத்துகளே கிடையாது. 32-லிருந்து 14-ஐக் கழியுங்கள் என்று விட்டுவிடுவேன். சிலர் 18 என்று எழுதுவார்கள், எட்டு என்ற எழுத்தே இல்லாத ஊரில்! சிலர் 22. அதாவது மேலே இரண்டு, கீழே நான்கு, பெரியதிலிருந்து சிறியது, அதே உங்கள் பையன். விடை 13. மூன்று கட்டும் இரண்டு குச்சியும் எடுத்து, ஒரு கட்டைப் பிரித்துத்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள். பட்டம் வாங்கியவர்கள் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வகுப்பில் யாரும் யாரையும் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்பதில்லை.

கடைசியாக, தனியாள் பேட்டி. ஒரு மாணவ ஆசிரியர், ஒரு குழந்தை, பதினைந்து நிமிஷம். சொல்லித்தரக் கூடாது. "எப்படிப் போட்டே?", "அப்புறம்?", "இதைக் குச்சியில காட்டுவியா?" என்பதைத் தாண்டி எதுவும் பேசக் கூடாது. பெரிய சோதனை இதுதான். கை அரிக்கும், பென்சிலைப் பிடுங்கத் தோன்றும். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடிக்கு நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் காட்டினார். மூன்று வினாடி சும்மா இருந்து பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும்.

---

இரண்டாமாண்டு எழுதியது:

சார், நான் இப்போ பயிற்சியில இருக்கேன், அதனால மறுபக்கத்துலருந்து சொல்றேன்.

எங்களைப் பார்க்க வர்றவங்க கையில ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். குரல் ஏற்ற இறக்கம், கரும்பலகைக் கையெழுத்து, துணைக்கருவி கொண்டுவந்தாரா, நேரத்துக்கு முடிச்சாரா. குச்சிக் கட்டு மேசைமேல இருந்தாலே மதிப்பெண் வந்துடும். அதை ஒரு குழந்தை பிரிச்சுப் பார்த்துச்சானு ஒரு கட்டமும் இல்ல. நான் அந்தக் குழந்தைகிட்ட நின்னு "எப்படிப் போட்டே"னு கேட்டா நேரம் போயிடும், பாடம் முடியாது, மதிப்பெண் போச்சு. உங்க மாணவியும் உங்களுக்காகத்தான் 25னு முடிச்சிருப்பாங்க. அந்தப் பையனுக்காக இல்ல. தப்பா நினைக்காதீங்க.

இன்னொண்ணு, எங்களுக்குக் கணக்குத் தெரியும்னு சொன்னீங்க. விடை தெரியும் சார். எங்க மேடம் ஒருநாள் 1¾ ÷ ½ குடுத்தாங்க. எல்லாரும் தலைகீழாக்கிப் பெருக்கி 3½னு ஒரு நிமிஷத்துல எழுதிட்டோம். "இப்ப இதுக்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு எழுதுங்க"ன்னாங்க. நான் எழுதினது: "1¾ மீட்டர் ரிப்பனை ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?" அது ரெண்டால வகுக்கறது, அரையால இல்ல! ஆளுக்கு முக்கால் மீட்டர் சொச்சம்தான் வரும், நான் கீழே 3½னு எழுதி வச்சிருக்கேன். கையில இருந்ததைவிட அதிகமா ரெண்டு பேரும் வாங்கிட்டுப் போறாங்க. பக்கத்துல இருந்தவளும் அதேதான். "அரை மீட்டர் துண்டா வெட்டினா எத்தனை துண்டு"ன்னு மேடம் கேட்டப்பதான் மூணரைங்கற விடையையே முதல் தடவையாப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் 5/6, 7/8 எது பெரிசுன்னாங்க. "ரெண்டுலயும் ஒண்ணுதானே குறையுது, சமம்"னு நான் சத்தமாச் சொன்னேன். குறையறது ஆறுல ஒரு பங்கா, எட்டுல ஒரு பங்கானு யோசிக்கவே இல்ல. அன்னிக்குச் சிரிக்காம "நல்ல யோசனை, எங்க இடிக்குதுன்னு பாப்போம்"னு மேடம் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் இப்போ என் வகுப்புல சொல்லிட்டிருக்கேன்.

---

நாற்பதுபேர்வகுப்பு எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் வகுப்பில் நாற்பது பேர், பாடவேளை நாற்பது நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம். இதில் யாரைப் பேட்டி எடுப்பது? புதிதாக வரும் பயிற்சி ஆசிரியர்கள் "கருத்துப் புரிதல்" என்று ஆரம்பித்து, கடைசியில் பிள்ளைக்கு 7 × 8 கேட்டால் தெரிவதில்லை. வாய்ப்பாடு மனப்பாடம் ஆகட்டும், புரிதல் பின்னால் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

நாற்பது பேருக்கு நாற்பது விதத் தப்பு வராது சார். ஒரு கழித்தல் பயிற்சியைத் திருத்தி முடித்ததும் நோட்டுகளை மதிப்பெண் வாரியாக அடுக்காமல் தப்பு வாரியாக அடுக்கிப் பாருங்கள். மூன்று, நான்கு அடுக்குதான் வரும். அடுக்குக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினால் போதும். இதைத்தான் மாணவ ஆசிரியர்களுக்குப் பழக்க வேண்டும். நோட்டுத் திருத்துவது அவர்களுக்கு இப்போது டிக் போடும் வேலையாகவே இருக்கிறது.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வேண்டும், சரளமாக வேண்டும். ஆனால் 7 × 8 மறந்துபோன பிள்ளை ஒன்றாம் ஏழிலிருந்து பாடிக்கொண்டு வருவதற்கும், "ஏழேழு நாப்பத்தொம்பது, இன்னொரு ஏழு" என்று 56-க்கு வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.

"புரிதல் பின்னால் வரும்" என்றீர்கள். எல்லாருக்கும் வருவதில்லை. இரண்டாமாண்டு மாணவி சொன்ன அதே 1¾ ÷ ½ கணக்கை லிப்பிங் மா என்ற ஆய்வாளர் ஆசிரியர்களிடமே கொடுத்துப் பார்த்தார். 1999-இல் வெளிவந்த ஆய்வு. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர். சீனர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். அமெரிக்கர்களில் முயன்ற 21 பேரில் 9 பேர்தான் முழுமையாகச் சரியான விடைக்கு வந்தார்கள். அதற்குப் பொருத்தமான வாழ்க்கைக் கணக்கு எழுதுவது என்று வந்தபோது அவர்களில் ஒருவர்தான் தேறினார். இதில் சீன ஆசிரியர்கள் படித்த வருஷங்கள் அமெரிக்கர்களைவிடக் குறைவு. ஆகவே தம்பி, உங்கள் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புக் கணக்கை இன்னும் ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மதிப்பீட்டுத் தாள் பற்றி அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு. தாளை மாற்ற உங்களால் முடியாது என்றால், அடியில் கையால் ஒரு வரி சேருங்கள்: "ஒரு குழந்தையின் விதியை எழுதிக் காட்டினாரா?" நான் அப்படித்தான் செய்தேன். மேலே இருந்தவர்கள் கேட்கவே இல்லை. யாரும் அந்தத் தாள்களைப் படிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

---

சொல்லாசை எழுதியது:

குறுக்கே ஒரு சின்ன விஷயம். நான் கணக்கு ஆள் இல்லை, தமிழ் எடுப்பவன். நம் எண்ணுப் பெயர்கள் குழந்தைக்கு நிறைய உதவுகின்றன. பதினொன்றில் பத்தும் ஒன்றும் கேட்கிறது, இருபதில் இரண்டு பத்து கேட்கிறது. ஆனால் எண்பதுக்கு அப்புறம் பாருங்கள்: தொண்ணூறு. உள்ளே நூறு ஒலிக்கிறது, மதிப்போ நூறுக்குக் கீழே. அதேபோல் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். தொண்ணூற்றிரண்டு என்று சொன்னால் நூறு கேட்ட குழந்தை மூன்று இலக்கத்தில் எழுதப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? மாணவ ஆசிரியர்களிடம் ஒன்று முதல் ஆயிரம் வரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, எந்தெந்தப் பெயர் எழுதும் முறையோடு ஒத்துப்போகவில்லை என்று குறிக்கச் சொல்லலாம். தினமும் சொல்வதால் அவர்கள் காதில் அது விழுவதே இல்லை.

---

புதுப்பயிற்றுநர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தின் அடிமானம் எடுத்தேன். சுண்ணக்கட்டி டீச்சர் சொன்ன 18-உம் வந்தது, 22-உம் வந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு, "இது எந்தப் பரீட்சைக்கு வரும் சார்?" என்று கேட்டார். பேட்டியை முதலில் நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஒரு குழந்தையோடு உட்கார்ந்தேன். நாலாவது நிமிஷம் பென்சில் என் கையில் இருந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்திரண்டு பேரும் பார்த்துச் சிரித்தார்கள்.

முதலில் சொன்னேனே அந்த மாணவி, அவர் அந்தப் பையனிடம் திரும்பப் போயிருக்கிறார். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, "எனக்கு இருபத்தேழு குச்சி குடு" என்று கேட்டிருக்கிறார். பையன் தயங்கவே இல்லை. இரண்டு கட்டு கொடுத்தான், இருந்த இரண்டு குச்சியைக் கொடுத்தான், ஒரு கட்டைப் பிரித்து இன்னும் ஐந்து எண்ணிக் கொடுத்தான். "மீதி எவ்வளவு?" "இருபத்தஞ்சு." பிறகு நோட்டில் போடச் சொன்னார். 35. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "எதுடா சரி?" என்றாராம். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"ரெண்டும் சரிதான் டீச்சர். அது குச்சிக் கணக்கு, இது நோட்டுக் கணக்கு."

அவர் அன்று ராத்திரியே எனக்குச் செய்தி அனுப்பிவிட்டார், "இப்ப என்ன சார் செய்யறது?" என்று. அதையே நான் சுண்ணக்கட்டி டீச்சரிடம் கேட்கிறேன்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

குச்சியை முடித்துவிட்டுப் பிறகு நோட்டுக்குப் போவதில்தான் சிக்கல். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கச் சொல்லுங்கள். ஒருவன் குச்சியை எடுப்பான், ஒருவன் எழுதுவான். குச்சியில் நடக்காத எதையும் எழுதுகிறவன் எழுதக் கூடாது. கட்டைப் பிரித்தால் அந்த நொடியே 5-ஐ அடித்து 4, 2-க்கு மேலே 12. பிறகு ஆளை மாற்ற வேண்டும். உங்கள் பையன் எழுதுகிறவனாக இருக்கும்போது, "இதுல ஏழுலருந்து ரெண்டு எடுக்கவே இல்லியே, நீ எப்படி அஞ்சு எழுதின?" என்று கூட இருப்பவன் கேட்பான். நாம் கேட்பதைவிட அது நன்றாக ஏறும்.

கட்டுகளை ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள். நூலால் கட்டினால் அவிழ்ப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். அடுத்த வாரம் என்ன ஆனது என்று எழுதுங்கள், பென்சில் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து.